அன்கான்ஸ்டிட்யூஷனல்: ஒரு நீளச் சொல்லை எங்கே வெட்டுவது?

2024 பிப்ரவரி 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன ஆங்கிலச் செய்திகளில் தவறாமல் வந்த சொல் 'அன்கான்ஸ்டிட்யூஷனல்', அதாவது அரசமைப்புக்கு (அரசியல் சாசனத்துக்கு) முரணானது. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நீக்கப்பட்டபோதும் இதே சொல்தான். 2018 டிசம்பர் 13 அன்று, நாடாளுமன்றத்தைக் கலைத்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவு செல்லாது என்று இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னபோதும் இந்தச் சொல் திரும்ப வந்தது. (இலங்கையில் நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கே 'உயர் நீதிமன்றம்' என்று பெயர்.)

ஆங்கில எழுத்தில் பதினாறு எழுத்து கொண்ட உரிச்சொல் இது. இதைவிட நீளமான சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. ஆனால் செய்தியில் இவ்வளவு அடிக்கடி வந்து, படிப்பவரையும் செய்தி வாசிப்பவரையும் இவ்வளவு தடுக்கிவிடும் சொற்கள் குறைவு. எப்படிப் பிரிப்பது, எங்கே அழுத்துவது, முன்னால் நிற்கும் 'அன்' எதை மறுக்கிறது என்று மூன்று இடத்தில் குழப்பம் வருகிறது. நீளம் இதற்குக் காரணம் இல்லை. ஒரே சொல்லை மூன்று வேறு தேவைகளுக்காக மூன்று விதமாக வெட்டுகிறார்கள். எந்த வெட்டு எதற்கு என்பதைப் பாடப்புத்தகங்கள் பிரித்துச் சொல்வதில்லை.

ஒரு சொல், மூன்று வெட்டு

1. காதுக்கான வெட்டு: அன்-கான்-ஸ்டி-ட்யூ-ஷ-னல். சொல்லும்போது கேட்கும் துண்டுகள் இவை. ஆறு துண்டு.

2. அச்சுக்கான வெட்டு: அன்-கான்-ஸ்டி-ட்யூ-ஷன்-அல். வரியின் கடைசியில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே கோடு போடலாம் என்று அகராதி காட்டுவது இது. இதிலும் ஆறு துண்டு.

3. பொருளுக்கான வெட்டு: அன்-கான்ஸ்டிட்யூஷன்-அல். பொருள் தரும் உறுப்புகளாகப் பிரிப்பது. மூன்று துண்டு.

முதல் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கடைசி இரண்டு துண்டுகளைக் கவனித்தால் வேறுபாடு தெரியும். ஒன்றில் 'ஷ-னல்', மற்றதில் 'ஷன்-அல்'. 'ன்' எந்தப் பக்கம் போகிறது என்பது அற்ப விஷயம் போலப் படலாம். அழுத்தம் ஏன் அது இருக்கும் இடத்தில் விழுகிறது என்ற கேள்வியே அந்த ஒரு மெய்யில்தான் தொங்குகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அசை என்பது என்ன?

ஓர் உயிரொலியை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் மெய்கள் ஒட்டிக்கொண்டு, ஒரே வீச்சில் வரும் ஒலித்துண்டுதான் அசை. உயிர் இல்லாமல் பொதுவாக அசை இல்லை. மெய்கள் இல்லாமல் அசை இருக்கலாம். 'ஆ' என்றாலே ஓர் அசைதான்.

'அசை' தமிழ் வாசகருக்குப் பழகிய சொல். அதனாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. யாப்பிலக்கணத்தின் அசையும் இங்கே நாம் பேசும் அசையும் ஒன்றல்ல. 'கருத்து' என்ற சொல் யாப்பில் 'கருத்-து' என்று பிரிந்து நிரை, நேர் என இரண்டு அசையாகும். காதால் கேட்டுப் பிரித்தால் 'க-ருத்-து' என்று மூன்று. நிரையசை தனக்குள் இரண்டு உயிர்களை அடக்கிக்கொள்வதால் இந்த வேறுபாடு. ஆங்கிலச் சொல்லை யாப்புக் கணக்கில் அலகிட்டால் எண்ணிக்கை தவறிவிடும்.

இன்னொரு பக்கம், தமிழ் எழுத்து ஒரு நல்ல வசதியைத் தருகிறது. நம் எழுத்தில் ஒவ்வோர் உயிரும், ஒவ்வோர் உயிர்மெய்யும் ஓர் உயிரொலியைச் சுமக்கிறது. புள்ளி வைத்த எழுத்து மட்டும் உயிர் இல்லாதது. ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லை ஒலி பிசகாமல் தமிழில் எழுதி, புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 'அன்கான்ஸ்டிட்யூஷனல்' என்பதில் அ, கா, டி, யூ, ஷ, ன. ஆறு. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து எண்ணுகிறவர் உயிரெழுத்துகளை எண்ணி ஏழு என்பார். கடைசியில் வரும் 'டி ஐ ஓ என்' என்ற நான்கெழுத்துத் துண்டில் இரண்டு உயிரெழுத்து இருந்தாலும் ஒலியில் ஓர் அசைதான் என்பதை ஆங்கில எழுத்து மறைத்துவிடுகிறது. தமிழ் எழுத்து அதை மறைப்பதில்லை.

'ஒலி பிசகாமல்' என்ற நிபந்தனை முக்கியம். பலர் 'டியூ' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதி எண்ணினால் ஏழு வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'டி' தனி அசையாக நிற்பதில்லை. 'ட்' என்ற மெய்யும் 'யூ'வும் சேர்ந்து ஒரே அசை. 'ட்யூஷன்' என்று சொல்லும்போது வரும் அதே ட்யூ.

வேகமான பேச்சில் கடைசிப் பகுதி 'ஷ்னல்' என்று சுருங்கி ஐந்து அசையாகவும் கேட்கும். அது தவறான உச்சரிப்பு இல்லை. அகராதிகளும் அந்த உயிரை விட்டுவிடலாம் என்று குறிப்பிடுவது உண்டு.

எல்லைக்கோடு எங்கே?

உயிர்களை எண்ணுவது சுலபம். நடுவில் இருக்கும் மெய்களைப் பங்கு போடுவதுதான் கடினம். 'கா'வுக்கும் 'டி'க்கும் நடுவே ன், ஸ், ட் என்று மூன்று மெய்கள் வரிசையாக நிற்கின்றன. கான்-ஸ்டி என்பதா, கான்ஸ்-டி என்பதா?

மொழியியலில் இதற்கு ஒரு விதி உண்டு: இரண்டு உயிர்களுக்கு நடுவே உள்ள மெய்களில் எவ்வளவை அடுத்த அசையின் தொடக்கத்துக்குக் கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கொடு. எவ்வளவு முடியும் என்பதை அந்த மொழியில் சொற்கள் எப்படித் தொடங்குகின்றன என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலச் சொல் 'ஸ்ட்' என்று தொடங்கலாம். ஸ்டாப், ஸ்டோன், ஸ்டில் எல்லாம் இருக்கின்றன. 'ன்ஸ்ட்' என்று எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்காது. எனவே 'ன்' முன் அசையோடு நின்றுவிடும், 'ஸ்ட்' பின் அசைக்குப் போகும். கான்-ஸ்டி.

தமிழ் மரபில் மெய்க்கூட்டம் சொல்லின் முதலில் வராது. அதனால்தான் நம் காது 'கான்ஸ்-டி' என்று பிரிக்கவே முதலில் போகும். அது நம் மொழி நமக்குக் கொடுத்த பழக்கம்.

இந்தப் பிரிப்பு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்குச் சான்றும் உண்டு. பிரிட்டிஷ், அமெரிக்கப் பேச்சில் அசையின் தொடக்கத்தில் 'ட்' தனியாக நின்று, அந்த அசைக்கு அழுத்தமும் இருந்தால், 'ட்'டோடு ஒரு மூச்சுக்காற்று வெளியேறும். 'ஸ்' முன்னால் வந்துவிட்டால் அந்தக் காற்று வராது. 'டாப்' என்பதிலும் 'ஸ்டாப்' என்பதிலும் அவர்கள் சொல்லும் 'ட்' வேறுபடுவது இதனால்தான். நம் சொல்லில் இரண்டு 'ட்' இருக்கின்றன. 'ஸ்டி'யில் காற்று இல்லை, 'ட்யூ'வில் உண்டு. அதாவது, சொல்கிறவரின் வாய் முதல் 'ட்'டை 'ஸ்'ஸோடு ஒரே கூட்டில் வைத்திருக்கிறது. நம் நாட்டு ஆங்கிலத்தில் இந்த மூச்சு பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகவே நம் பேச்சை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தால் விடை கிடைக்காது.

அகராதியின் புள்ளிகள் எதற்கு?

அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே சிறு புள்ளிகள் இருக்கும். அவை உச்சரிப்பைக் காட்டுகின்றன என்று நம்பித்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். அந்தப் புள்ளிகள் அச்சுக் கோப்பவருக்கானவை. வரி முடியும் இடத்தில் எங்கே உடைக்கலாம் என்பதற்கு மட்டும். உச்சரிப்பை அகராதி பக்கத்தில் வேறு குறிகளில் தனியாகத் தருகிறது.

இந்தப் பிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1783இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் எழுத்துக்கூட்டுப் பாடநூல் வெளியிட்டார். அதற்கு முன் புழங்கிய பாடநூல்கள் 'நேஷன்' போன்ற சொற்களின் கடைசித் துண்டை 'டி-ஆன்' என்று இரண்டாகப் பிரித்துக் கற்பித்தன. எழுத்தில் இரண்டு உயிர் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். வாய் ஒரே அசையாகச் சொல்லும்போது பிள்ளையை இரண்டாகக் கூட்டச் சொல்வது ஏன் என்று வெப்ஸ்டர் கேட்டார். அதை ஒரே துண்டாக்கினார். இன்று நாம் அன்கான்ஸ்டிட்யூஷனலுக்கு ஆறு என்று எண்ணும் கணக்கு அவர் நின்ற பக்கத்தைச் சேர்ந்தது. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். படிக்கத் தொடங்கும் குழந்தைக்குக் காதுதான் முதல் சாட்சி.

ஆனாலும் அச்சு மரபு முழுக்கக் காதைப் பின்பற்றவில்லை. 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்க மரபு உச்சரிப்பைப் பார்த்து 'எல்' எழுத்துக்குப் பின்னால் வெட்டும்; பழைய பிரிட்டிஷ் மரபு சொல்லின் உறுப்பைப் பார்த்து 'எல்'லுக்கு முன்னால் வெட்டும். நம் சொல்லின் கடைசியில் அமெரிக்க அகராதியும் உறுப்புக்கே மதிப்புக் கொடுத்து 'ஷன்-அல்' என்று பிரிக்கிறது. அச்சில் அது நியாயம்தான். 'அல்' ஒரு பின்னொட்டு என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால் வாசிப்பு தடைபடாது.

இப்போது இந்த வேலையைக் கணினி செய்கிறது. டொனால்ட் கனூத் உருவாக்கிய 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வு 1983இல் முடிந்தது. எல்லாச் சொற்களையும் பட்டியல் போடாமல், எந்த எழுத்துச் சேர்க்கைக்கு நடுவே உடைக்கலாம், எங்கே கூடாது என்று ஏறக்குறைய 4,500 சிறு வடிவங்களை மட்டும் வைத்து, ஒரு கையகராதியில் இருந்த உடைப்பு இடங்களில் 89 விழுக்காட்டை அது கண்டுபிடித்தது. அந்த மென்பொருளில் ஆங்கிலத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அடுத்த வரிக்குப் போகும் துண்டில் மூன்று எழுத்தாவது இருக்க வேண்டும். 'அல்' ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ஆகவே அகராதி அனுமதித்தாலும் அந்த இடத்தில் அது உடைக்காது.

எங்கே அழுத்துவது?

தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் சொல்லின் பொருள் மாறாது. 'படகு' என்பதை எந்த எழுத்தில் அழுத்திச் சொன்னாலும் படகுதான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு நீளச் சொல்லிலும் ஓர் அசை மற்றவற்றைவிட உயர்ந்தும், நீண்டும், உரக்கவும் ஒலிக்கும். மற்ற சில அசைகள் தேய்ந்துபோகும்.

நம் சொல்லில் முதன்மை அழுத்தம் நான்காவது அசையான 'ட்யூ'வில். இரண்டாவது அசையான 'கா'னில் அதைவிடக் குறைந்த அழுத்தம் ஒன்று உண்டு. 'அன்'னிலும் ஓரளவு இருக்கும். 'ஸ்டி' தேயும். 'ஷ', 'னல்' இரண்டும் நன்றாகவே தேயும். அவற்றின் உயிர் தெளிவான 'அ'வும் இல்லை, தெளிவான 'ஆ'வும் இல்லை. வாய் முழுக்கத் திறக்காமல் வரும் மங்கலான ஒலி அது. 'அவன் வந்தான்' என்று சட்டென்று பேசும்போது 'அவன்' என்பதன் கடைசியில் மங்குகிற உயிரைக் கவனித்தால் அதன் சாயல் பிடிபடும்.

அழுத்தம் ஏன் அங்கே விழுகிறது? இரண்டு பின்னொட்டுகளும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

1. 'ஷன்' என்று முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு நேர் முந்தைய அசையில் விழும். நேஷன், சொல்யூஷன், எஜுகேஷன், கான்ஸ்டிட்யூஷன் எல்லாவற்றிலும் இதே கதை. விதிவிலக்கு மிகக் குறைவு.

2. 'அல்' என்ற பின்னொட்டு சேரும்போது லத்தீனில் இருந்து வந்த ஒரு கணக்கு பெரும்பாலும் வேலை செய்யும். கடைசிக்கு முந்தைய அசை கனமாக இருந்தால் அழுத்தம் அதில். லேசாக இருந்தால் அதற்கும் முந்தைய அசையில்.

கனம், லேசு என்பதை யாப்பு படித்தவருக்கு விளக்கவே தேவையில்லை. நெடில் இருந்தாலோ, குறிலை ஒரு மெய் அடைத்தாலோ கனம். ஒற்றில்லாத தனிக்குறில் லேசு. 'பேரன்ட்' என்பதில் அழுத்தம் முதலில் இருக்கிறது. 'அல்' சேர்ந்ததும் 'ப-ரென்-டல்' ஆகிறது. நடு அசை மெய்யால் அடைபட்டுக் கனமாகிவிட்டதால் அழுத்தம் அங்கே நகர்கிறது. 'ஒ-ரி-ஜி-னல்' என்பதில் 'ஜி' லேசு. அழுத்தம் 'ரி'க்குப் போகிறது.

இப்போது முதலில் விட்டுவைத்த 'ன்' விஷயத்துக்கு வரலாம். அகராதிப் புள்ளியை நம்பி 'ஷன்-அல்' என்று பிரித்தால் 'ஷன்' மெய்யால் அடைபட்ட கனமான அசை. விதிப்படி அழுத்தம் அதில் விழ வேண்டும். 'கான்ஸ்டிட்யூஷனல்' என்பதில் 'ஷன்'னைத் தூக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஷ-னல்' என்று காது பிரித்தபடி வைத்தால் 'ஷ' தனிக்குறில், லேசு. அழுத்தம் அதைத் தாண்டி 'ட்யூ'வில் இறங்குகிறது. அழுத்தத்தின் கணக்கு காதுக்கான வெட்டோடு மட்டுமே பொருந்துகிறது. அகராதிப் புள்ளியை உச்சரிப்புக்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னும் ஒரு பின்னொட்டு சேர்த்துப் பார்க்கலாம். 'கான்ஸ்டிட்யூஷனாலிட்டி' என்று பெயர்ச்சொல்லாக்கினால் அழுத்தம் 'ட்யூ'வை விட்டு 'னா'வுக்குத் தாவும். 'கான்ஸ்டிட்யூஷனலி' என்று வினையடையாக்கினால் இருந்த இடத்திலேயே இருக்கும். சில பின்னொட்டுகள் அழுத்தத்தை இழுக்கும், சில தொடவே தொடாது. முன்னொட்டான 'அன்' இந்த முதன்மை அழுத்தத்தைத் தொடாத வகை.

உச்சரிப்பில் நாம் கவனிக்க வேண்டியவை

1. 'ட்யூ' என்ற இடத்தில் மூன்று உச்சரிப்பு புழக்கத்தில் உண்டு. பழைய பிரிட்டிஷ் பாணியில் 'ட்யூ', இன்றைய பிரிட்டிஷ் பேச்சில் பலரிடம் 'ச்சூ', அமெரிக்காவில் 'டூ'. மூன்றும் சரி. ஒரே பேச்சில் மாறி மாறி வராமல் இருந்தால் போதும்.

2. 'ஷ' என்பதை 'ச' ஆக்கி 'கான்ஸ்டிட்யூசன்' என்று சொல்வது நம்மிடம் பழக்கம். தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போது அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போது ஷ வேண்டும்.

3. 'அன்' என்பதன் 'ன்', அடுத்து வரும் 'க்' காரணமாக 'ங்' போல ஒலிக்கலாம்: 'அங்கான்...'. நமக்கு இது பழகிய சங்கதி. மரம் என்பதோடு 'கள்' சேர்ந்து மரங்கள் ஆகும்போது நடப்பதும் இதுதான். நாம் மாற்றத்தை எழுத்திலும் காட்டுகிறோம். ஆங்கிலம் 'அன்' விஷயத்தில் காட்டுவதில்லை.

4. 'நேஷன்' என்பது 'அல்' சேர்ந்ததும் ஆங்கிலத்தில் நெடிலை இழந்து 'நாஷனல்' போல, ஏ-வுக்கும் ஆ-வுக்கும் இடைப்பட்ட குறுகிய ஒலியாகிவிடும். அதைப் பார்த்து 'ட்யூ'வையும் குறுக்க வேண்டுமோ என்ற ஐயம் வரலாம். வேண்டாம். இந்த 'யூ' குறுகாது. இன்ஸ்டிட்யூஷனல் என்பதிலும் அப்படித்தான்.

மூன்றாவது குறிப்பு சிறியதாகத் தெரிந்தாலும் கேட்பவர் கவனிக்க வேண்டியது. 'சட்டம் செல்லும்', 'செல்லாது' என்ற இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கும் நடுவே ஆங்கிலத்தில் இருப்பது சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் இந்த ஒற்றை அசைதான். முதன்மை அழுத்தம் இல்லாத, மங்கக்கூடிய அசை. நீதிமன்ற நேரலையைக் கேட்டுக் குறிப்பெடுப்பவர் வாக்கியம் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதுவதே பாதுகாப்பு. பேசுபவர் எதிர்நிலையை வலியுறுத்த நினைத்தால் 'அன்'னையே தூக்கிச் சொல்வார். அப்போது ஐயம் வராது.

சொல்லின் உறுப்புகள்

நன்னூல் பகுபத உறுப்புகளை ஆறாகச் சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். இதில் முன்னொட்டுக்கு இடம் இல்லை, ஏனென்றால் தமிழில் பகுதிதான் முதலில் நிற்கும். வரவில்லை, செய்யாத, அல்லாத என்று மறுப்பெல்லாம் பின்னால் வந்து ஒட்டும். அநீதி, அதர்மம் போல முன்னால் மறுப்பு வரும் சொற்கள் வடமொழி வழி வந்தவை. ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கும்போது முதலில் இருப்பதே பகுதி என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும்.

நடுவிலிருந்து தொடங்கலாம். 'கான்ஸ்டிட்யூஷன்' லத்தீனின் 'கான்ஸ்டிட்யுவெரே' என்ற வினையில் இருந்து வந்தது. 'கான்' என்பதற்குச் சேர்த்து, ஒருங்கே என்று பொருள். 'ஸ்டாட்டுவெரே' என்பதற்கு நிற்க வை, நிறுவு என்று பொருள். அதன் வேர் 'நில்' என்ற பொருளுடைய 'ஸ்டாரே'. இதே குடும்பத்தில் வந்தவைதான் ஸ்டாட்யூட், ஸ்டாச்யூ, இன்ஸ்டிட்யூஷன், சப்ஸ்டிட்யூட் எல்லாம். தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது: நில், நிறுத்து, நிறுவு, நிறுவனம். 'இன்ஸ்டிட்யூஷன்' என்பதற்கு 'நிறுவனம்' என்ற சொல் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு அதுவே காரணம்.

'கான்ஸ்டிட்யூஷன்' ஆங்கிலத்தில் உடல்வாகையும் குறிக்கும். உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படியே நாடும் என்ற ஒப்புமை. தமிழில் உடலமைப்பும் அரசமைப்பும் 'அமைப்பு' என்ற ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன.

'அல்' பெயரை உரிச்சொல்லாக்கும் லத்தீன் பின்னொட்டு. 'அன்' லத்தீன் இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே இருந்த மண்ணின் முன்னொட்டு. லத்தீனுக்கு 'இன்' என்று தன் மறுப்பு உண்டு. அது அடுத்த மெய்யைப் பார்த்து எழுத்திலேயே உருமாறும்: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். 'அன்' எதன் முன்னாலும் தன் எழுத்தை மாற்றிக்கொள்ளாது. பிரெஞ்சு மொழி இந்த இடத்தில் லத்தீன் 'இன்'னையே வைத்துக்கொண்டது. அதே அடிச்சொல்லின் மீது 'ஆன்டி'யை முன்னால் வைத்து, வினையடையாக்கிய 25 எழுத்துச் சொல் ஒன்றுதான் பிரெஞ்சின் மிக நீளமான சொல் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலமோ வெளியூர் அடிச்சொல்லுக்கு உள்ளூர் மறுப்பைச் சூட்டிவிட்டது.

சரி, மூன்று உறுப்பும் கிடைத்துவிட்டன. எது முதலில் ஒட்டியது?

1. 'அன்கான்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பெயர்ச்சொல் புழக்கத்தில் இல்லை. ஆகவே 'அன்' முதலில் ஒட்டியிருக்க முடியாது.

2. 'இல்லை' என்ற பொருளில் வரும் 'அன்' உரிச்சொற்களோடு சேரும்: அன்ஹேப்பி, அன்ஃபேர், அன்கிளியர். வினையோடு சேரும் 'அன்' வேறு. 'அன்லாக்' என்றால் பூட்டாதே என்று பொருள் இல்லை, பூட்டியதைத் திற என்றுதான் பொருள்.

3. ஆகவே முதலில் 'அல்' சேர்ந்து 'கான்ஸ்டிட்யூஷனல்' என்ற உரிச்சொல் உருவாகிறது. அந்த முழுச் சொல்லின் மேலே 'அன்' வந்து உட்கார்கிறது.

'அன்' மறுப்பது அரசமைப்பை இல்லை. 'கான்ஸ்டிட்யூஷனல்' என்ற பண்பை. அங்கேதான் விஷயம் இலக்கணத்தை விட்டு நீதிமன்றத்துக்குள் நுழைகிறது.

எந்தப் பொருளை மறுக்கிறது?

'கான்ஸ்டிட்யூஷனல்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு.

1. அரசமைப்பைச் சார்ந்த, அரசமைப்பில் இருந்து பிறந்த. 'கான்ஸ்டிட்யூஷனல் பாடி' என்றால் அரசமைப்பே உருவாக்கிய அமைப்பு. 324ஆம் பிரிவின் கீழ் வரும் தேர்தல் ஆணையமும், 148ஆம் பிரிவின் கீழ் வரும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியும் எடுத்துக்காட்டு.

2. அரசமைப்புக்கு இசைந்த, அது அனுமதிக்கிற. 'இந்தச் சட்டம் கான்ஸ்டிட்யூஷனலா?' என்று கேட்கும்போது இந்தப் பொருள்.

'அன்' இரண்டாவது பொருளோடு மட்டும்தான் சேரும். முதல் பொருளை மறுக்க ஆங்கிலம் 'நான்' அல்லது 'எக்ஸ்ட்ரா' என்ற வேறு முன்னொட்டுகளை எடுக்கிறது. 1950 மார்ச்சில் அமைச்சரவைத் தீர்மானத்தின் மூலம் அமைக்கப்பட்ட திட்டக் குழு அரசமைப்பில் இல்லாதது. 2015 ஜனவரி 1 அன்று அதன் இடத்தில் வந்த நிதி ஆயோக்கும் அப்படியே. இவற்றை 'நான்-கான்ஸ்டிட்யூஷனல்' அல்லது 'எக்ஸ்ட்ரா-கான்ஸ்டிட்யூஷனல்' அமைப்பு என்பார்கள். போட்டித் தேர்வு எழுதும் ஒருவர் அந்த இடத்தில் 'அன்' போட்டுவிட்டால், வெறும் வகைப்பாடாக இருந்தது குற்றச்சாட்டாக மாறிவிடும். அரசமைப்பில் பெயர் இல்லாதது வேறு, அரசமைப்பை மீறுவது வேறு.

இரண்டு பொருளும் ஒரே தொடரில் மோதும் இடமும் உண்டு. சட்ட அறிஞர்கள் 'அன்கான்ஸ்டிட்யூஷனல் கான்ஸ்டிட்யூஷனல் அமென்ட்மென்ட்' என்று எழுதுகிறார்கள். முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். பொருளைப் பிரித்துப் பார்த்தால் முரண் இல்லை. பின்னால் உள்ள 'கான்ஸ்டிட்யூஷனல்' முதல் பொருளில்: அரசமைப்பையே திருத்தும் திருத்தம். முன்னால் உள்ளது இரண்டாம் பொருளின் மறுப்பு: அரசமைப்பின் அடிப்படைக்கு இசையாதது.

இந்தத் தொடருக்கு இந்தியாவில் இடம் கொடுத்தது 1973 ஏப்ரல் 24 அன்று வந்த கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு. 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்றது. 2015 அக்டோபர் 16 அன்று, நீதிபதிகள் நியமனத்துக்குத் தேசிய ஆணையம் அமைத்த 99ஆம் அரசமைப்புத் திருத்தத்தை ஐந்து பேர் அமர்வு நான்குக்கு ஒன்று என்று ரத்து செய்தபோது நடந்ததும் இதுதான்: முறைப்படி நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் ஒன்று அரசமைப்புக்கு முரணானது என்று விழுந்தது.

சொல்லின் எடை நாட்டுக்கு நாடு மாறும். 2019 செப்டம்பர் 24 அன்று, பிரிட்டன் நாடாளுமன்றத்தைப் பல வாரங்களுக்கு ஒத்திவைக்கச் சொன்ன அரசின் ஆலோசனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாக நிராகரித்தார்கள். அவர்கள் தீர்ப்பில் வைத்த சொல் 'அன்லாஃபுல்'. பிரிட்டனுக்கு ஒரே ஏட்டில் தொகுக்கப்பட்ட அரசமைப்பு கிடையாது. அங்கே 'அன்கான்ஸ்டிட்யூஷனல்' என்றால் பெரும்பாலும் அரசியல் மரபை மீறிய செயல் என்ற கண்டனம். ஒரு சட்டத்தை உடனே சாகடிக்கும் தீர்ப்பு இல்லை.

இதையெல்லாம் தமிழாக்கும்போது

தமிழில் 'அன்'னுக்கு நேரான ஒற்றை ஒட்டு இல்லாதது ஒரு குறை என்று மொழிபெயர்ப்பாளர்கள் நினைப்பது உண்டு. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை நேர்மாறு. 'அரசமைப்புக்கு முரணான' என்று எழுதும்போது நான்காம் வேற்றுமை உருபான 'கு' வந்து, எதன் முன்னால் நிறுத்தி அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. 'அரசமைப்பு சாராத' என்றால் அளவீடு இல்லை, வகைப்பாடு மட்டும். ஆங்கிலத்தில் முன்னொட்டை மாற்றிச் செய்வதைத் தமிழ் வேற்றுமையையும் வினையையும் கொண்டு செய்கிறது.

'அரசமைப்பு அல்லாத' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் ஆபத்து. அது இரண்டில் எதுவும் இல்லாமல் நடுவில் தொங்கும். சட்டம் ஒன்று ரத்தான செய்தியில் 'அரசமைப்புக்கு முரணானது' என்றும், திட்டக் குழு போன்ற ஒன்றைப் பற்றி எழுதும்போது 'அரசமைப்பு சாராத அமைப்பு' என்றும் எழுதினால், படிப்பவர் ஆங்கில மூலத்தைத் தேடிப் போகத் தேவையில்லை. அந்த மோதல் தொடரும் 'அரசமைப்புக்கு முரணான அரசமைப்புத் திருத்தம்' என்று தடையில்லாமல் வருகிறது. முதல் 'அரசமைப்பு' ஓர் உருபோடும் இரண்டாவது தொகையாகவும் நிற்பதால், ஆங்கிலத்தில் ஒருகணம் தோன்றும் முரண்கூடத் தமிழில் தோன்றுவதில்லை.